‘ட்ரைவ்வே’ விளையாட்டை எழுதியவன் நானல்ல

தர்ஷினி, இதை நீ பத்திரிகையில் பார்க்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபம் வந்தால் போன் எடுத்து என்னை ஏசு. ஒரு தடவையாவது வாய்விட்டு ஏசு, பிள்ளை. “இட்ஸ் ஓகே, அப்பா” என்று மட்டும் சொல்லாதே. வருஷக்கணக்காக அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிற்று. வருகிற சனிக்கிழமை நீ வன்கூவருக்குப் பறக்கிறாய். அங்கே ஒரு கொம்பியூட்டர் விளையாட்டுக் கம்பனியில் உனக்கு இரண்டாவது நேர்முகம். அவர்களுக்கு நான் கடிதம் எழுதக் கூடாது என்று தடுத்துவிட்டாய். சரி, எழுதவில்லை. ஆனால் தமிழ்க் கடைகளில் மரக்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில் இலவசமாக அடுக்கி வைக்கிற இந்தப் பத்திரிகைக்கு எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லையே. வன்கூவரில் இதை ஒருவரும் படிக்கப் போவதில்லை. ஸ்காபரோவில் படிப்பார்கள். நான் பொய் சொன்னதும் ஸ்காபரோவுக்குத்தான்.

பொய் இதுதான். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் இதே பத்திரிகையில் என் படம் வந்தது. கழுத்துப்பட்டி கட்டி, கையில் ஒரு கொம்பியூட்டர் விளையாட்டுப் பெட்டியைப் பிடித்தபடி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெட்டிக்குள் இருந்த ‘ட்ரைவ்வே’ என்ற விளையாட்டை நான் எழுதியதாகப் போட்டிருந்தார்கள். நான் எழுதவில்லை. என் மகள் எழுதினாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. இதைச் சொல்ல இவ்வளவு நேரம்தான் பிடிக்கிறது. இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் ஒன்றும் இல்லை, கெட்ட பதில்கள்தான் இருக்கின்றன. அவற்றைத்தான் எழுதப் போகிறேன்.

வெக்ஸ்போர்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மென்ட் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கொம்பியூட்டரை நான் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டு வாசலில், பழைய சாமான் விற்கிற இடத்தில், ஒரு மேசை விளக்கோடு சேர்த்து வாங்கினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டியிருந்தது விளக்குத்தான். கீபோர்டும் மூளையும் ஒரே பெட்டியாக இருக்கிற பழைய வகை, ரீவியில் சொருகினால்தான் எதையும் காட்டும். வீட்டுக்குக் கொண்டு வந்தால் அது உயிரே இல்லாமல் கிடந்தது. லோரன்ஸ் அவெனியூவில் ரீவியும் வீசீஆரும் திருத்துகிற கடை வைத்திருந்த சலீம்தான் அதைத் திறந்து, பற்ற வைத்து, உயிர் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் ஒரே ரவுணில் இருந்தும் நானும் சலீமும் அங்கே சந்தித்ததில்லை. இங்கே ஒரு செத்த கொம்பியூட்டர் எங்களைச் சேர்த்து வைத்தது. பிறகு நீ நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்தாய். அவற்றில் இருந்ததை எழுத்தெழுத்தாக அடித்தாய். ஆறு மாதத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நீயாகவே அடிக்கத் தொடங்கினாய். எனக்கு அதில் ஒரு கோதாரியும் விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது படம். ஊரில் நான் அரசாங்க அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறினவன். இங்கே வந்து மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மட்டை வெட்டுகிறவன் ஆனேன். நீ ஒருநாள் கட்டம் போட்ட தாளைத் தந்து, “அப்பா, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி. எனக்கு ஒரு வீடு கீறித் தாங்கோ” என்றாய். கீறினேன். தாளில் இருந்த என் வீடு மறுநாள் ரீவியில் நின்றது. கனடாவுக்கு வந்து அத்தனை வருஷத்தில் என் கை ஒரு வேலை செய்ததாக எனக்கு அன்றுதான் பட்டது. அதற்குப் பிறகு வீடுகள், வேலிகள், தபால்பெட்டிகள், தெருவிளக்குகள் என்று தாள் தாளாகக் கீறித் தள்ளினேன். அந்தப் படங்கள் நல்ல படங்கள், தர்ஷினி. எனக்கென்று ஒரு உண்மையான பங்கு இருந்தது. அதோடு திருப்திப்பட்டிருக்கலாம் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வயிறெரிகிற விஷயம்.

விளையாட்டு வந்த விதத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். பத்திரிகைக்காரருக்கு நான் வேறு கதை சொல்லியிருந்தேன். ஒரு காலை நான் சாரத்தைக் கால்சட்டைக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, காதை மூடுகிற தொப்பியோடு, வீட்டு வாசலில், கார் நிற்கிற ட்ரைவ்வேயில், பனி தள்ளினேன். ஒரு மணித்தியாலம் தள்ளி, இடுப்பு ஒடிந்து, முடித்துவிட்டு நிமிர்ந்தால், மாநகரசபையின் பெரிய வண்டி தெருவைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்து, தெருவின் பனி முழுவதையும் எங்கள் வாசலின் வாயில் கொட்டிவிட்டுப் போனது. ரொறன்ரோவில் இருக்கிற எவருக்கும் இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. நான் இரண்டு கையையும் மேலே தூக்கி, தமிழில் சொல்லக் கூடாத சொல்லெல்லாம் சொன்னேன். நீ ஜன்னலுக்கு உள்ளே நின்று விழுந்து விழுந்து சிரித்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்கினாய். “அப்பா, தள்ளின பனி எங்கையாவது போகத்தானே வேணும்? அது பக்கத்து வீட்டுக்குப் போனா அவங்கள் வெளியில வந்து கத்துவாங்கள். அதுதான் கேம்” என்றாய். மற்றவர்களின் விளையாட்டுகளில் சுட்டதெல்லாம் மறைந்து போகும். உன் விளையாட்டில் எதுவும் மறையாது, இடம்தான் மாறும். வாசலைத் துப்பரவாக்க வேண்டும், பக்கத்து வீட்டை மூடக் கூடாது, பெரிய வண்டி வருவதற்குள் முடிக்க வேண்டும். வண்டி வந்து கொட்டினால் ஒரு சின்ன மனிதன் இரண்டு கையையும் தூக்குவான். அவன் இடுப்பில் சாரம் கட்டியிருந்தான். பிறகு அமெரிக்காக்காரன் அதைப் பார்த்து, குளித்துவிட்டுத் துவாயோடு வந்து நிற்கிறான் என்று நினைத்தான். நான் திருத்தவில்லை.

ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் பிடித்தது. நீ பள்ளிக்கூடம் முடிந்து வந்து எழுதினாய், நான் தொழிற்சாலையிலிருந்து வந்து கீறினேன், சலீம் தன் கடையில் டிஸ்க்குகளைப் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, கொம்பியூட்டர் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று பேர் கம்பனி. அதற்குப் பெயர்கூட ‘பேஸ்மென்ட் த்ரீ’ என்று சலீம்தான் வைத்தார். அம்மா எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள், பிறகு வடை சுட்டுக்கொண்டு கீழே இறங்கி வருவாள். ஒருநாள் அமெரிக்காவிலிருந்து ஒரு கம்பனி, இதைப் பெட்டியில் போட்டு எல்லா ஊர்க் கடைகளுக்கும் அனுப்புகிறோம் என்று எழுதியது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கடிதத்தை மாறி மாறி வாசித்தோம். சலீம், “அண்ணை, பிள்ளை உலகத்துக்கே பனி தள்ளப் போறாள்” என்றார். அவர் ‘பிள்ளை’ என்றார். அவருக்கு ஒருநாளும் அதில் குழப்பம் இருந்ததில்லை.

விளையாட்டு தொடங்குமுன் வருகிற முதல் திரையில் நீ இரண்டு வரி போட்டிருந்தாய். மேல் வரியில் உன் முழுப்பெயர். கீழ் வரியில், ஆங்கில எழுத்தில், ‘படங்கள்: அப்பா’. அதை நான் முதன்முதலில் பார்த்தபோது சிரித்தேன், வெள்ளைக்காரருக்கு அப்பா என்றால் யாரென்று தெரியுமா என்று கேட்டேன். “தெரியாட்டிக் கேட்கட்டும்” என்றாய். அந்தக் கிழமைதான் லண்டனிலிருந்து உன் மாமி போன் எடுத்தாள். என் அக்காவுக்கு எல்லாம் எப்படித்தான் தெரிய வருகிறதோ. “டேய் தம்பி, பிள்ளையின்ர பேரைப் போட்டுக் கடையில விக்கப் போறியாம்? விசரே உனக்கு? நாளைக்குக் கலியாணம் பேசேக்க, உவள் பேஸ்மென்ட்டுக்குள்ள ஆம்பிளையளோட இருந்து விளையாட்டுச் செய்தவள் எண்டு கதை வராதே?” என்றாள். “அக்கா, நானும் சலீமும்தானே” என்றேன். “அது உனக்கும் எனக்கும் தெரியும். சனத்துக்குத் தெரியுமே?” என்றாள். நான் அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அரைமணித்தியாலம் கேட்டேன். அக்கா சொன்னதற்காகத்தான் செய்தேன் என்று எழுதினால் அதுவும் அரைப் பொய். அவள் சொல்லும்போது எனக்குள் ஒருவன் “ஓம், ஓம்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். மட்டை வெட்டி மட்டை வெட்டி அலுத்துப்போனவன் அவன்.

கனடாவுக்கு வந்தபோது எங்கள் சனம் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு ஏது கடைசிப் பெயர்? பிள்ளைக்கு அப்பாவின் பெயரை அதில் எழுதினோம். அப்படித்தான் என் பெயர் உன் பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அது எனக்கு அன்றைக்கு நல்ல வசதியாகப் போயிற்று. நான் உன்னிடம் வந்து, “பிள்ளை, முன் பேரை மட்டும் எடு. பின்னால நிக்கிறதும் உன்ர பேர்தானே. ஒரு சொல்லுத்தானே” என்றேன். கீழே இருந்த ‘படங்கள்: அப்பா’வையும் எடுக்கச் சொன்னேன். மேலேயும் நான், கீழேயும் நான் என்றால் பார்க்கிறவன் சிரிப்பானே. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். “ஷுவரா, அப்பா?” என்றாய். ஓம் என்றேன். “இட்ஸ் ஓகே” என்றாய். இரண்டு மூன்று தட்டுத் தட்டினாய், முடிந்தது.

முடிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? குறை பிடித்தேன். என் பெயர் திரையின் நடுவில் இல்லாமல் வலது பக்கமாக ஒதுங்கி நின்றது. இடது பக்கம் வெறும் கறுப்பு. வரைபடம் கீறினவனுக்கு அது கண்ணில் குத்தும். “இதென்ன ஒரு பக்கமா நிக்குது? நடுவுக்குக் கொண்டு வா” என்றேன். “இப்ப மாத்த ஏலாது அப்பா, நாளைக்கு டிஸ்க் போகோணும்” என்றாய். நான் முணுமுணுத்தபடி படியேறினேன். அம்மா மேல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “பேர் நடுவில இல்லையெண்டதோ இப்ப உங்களுக்குக் கவலை?” என்றாள். அவளோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். வருஷக்கணக்காக அந்த விளையாட்டை எப்போது போட்டாலும் என் கண் முதலில் போவது அந்தக் கோணலுக்குத்தான்.

அதன் பிறகு ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பொய். அமெரிக்காவிலிருந்து ஒருவன் போன் எடுத்து, இத்தனூண்டு கொம்பியூட்டருக்குள் இவ்வளவு பனியை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். நீ குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாய். ஒரு நிமிடம், குறிப்புக் கொப்பியைப் பார்க்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு உன்னைக் கேட்டேன். நீ தலையை நிமிர்த்தாமலே, “பனிக்கு எட்டு உயரம்தான் அப்பா. எண் சின்னதா இருக்கிறதால ரெண்டு கட்டத்தை ஒரு இடத்துக்குள்ள அடைச்சு வைச்சிருக்கிறன்” என்றாய். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். அவன் பிரமாதம், பிரமாதம் என்று இரண்டு தடவை சொன்னான். நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நீ, “என்னவாம்?” என்று கேட்டாய். “ஒண்டுமில்லை, சும்மா” என்றேன். அந்தப் பிரமாதத்தை நான் உன்னிடம் கொடுக்கவேயில்லை. இப்போது வைத்துக்கொள், பிள்ளை. இரண்டு தடவை சொன்னான்.

பத்திரிகையில் படம் வந்தது. கோயிலில், கடையில், பஸ் தரிப்பிடத்தில் எல்லாம் எனக்குக் கை தந்தார்கள். மட்டைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன்கூட வந்து கை குலுக்கினான். நீ வளர்ந்த பிறகு அக்கா பயந்த கலியாணப் பேச்சும் வந்தது, என் புகழைக் கேட்டே வந்தது. வோபர்னிலிருந்து ஒரு குடும்பம். மாப்பிள்ளையின் தகப்பன் என்னைப் பற்றி முக்கால் மணித்தியாலம் புகழ்ந்துவிட்டு, உன் பக்கம் திரும்பி, “பிள்ளைக்கும் கொம்பியூட்டர் கொஞ்சம் தெரியுமோ?” என்றார். “கொஞ்சம், அங்கிள்” என்று சொல்லிவிட்டு நீ மாடிக்குப் போய்விட்டாய். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கதிரையோடு எரிந்துபோயிருக்க வேண்டும். அப்போதாவது வாயைத் திறந்தேனா? கேக் எடுங்கோ என்றேன். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை, வராததே நல்லது.

உன்னில் எனக்கு இருக்கிற கோபத்தையும் சொல்லத்தான் வேண்டும். நீ ஏன் சண்டை பிடிக்கவில்லை? மாடிக்குப் போகிற நேரத்தில் மேசையில் ஒரு அடி அடித்து, “அதை எழுதினது நான்” என்று சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே மடங்கியிருப்பேன். நீ சொல்லமாட்டாய். நல்ல பிள்ளை. நாங்கள்தான் உன்னை அப்படி வளர்த்தோம், அப்பா சொன்னால் சரி என்று. அப்படி வளர்த்துவிட்டு, இப்போது ஏன் வாய் இல்லை என்று கேட்கிறேன். அநியாயம்தான். ஆனாலும் கேட்கிறேன். வன்கூவரில் உன்னிடம் எவனாவது வந்து, ஒரு சொல்லுத்தானே, ஒரு வரிதானே, பிறகு பார்ப்போம் என்று சொன்னால், எழும்பி நின்று ஏலாது என்று சொல். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. சொல்லிப் பழகு.

இரண்டாவது விளையாட்டு ஏன் வரவில்லை என்று ஊருக்கெல்லாம் ஒரு கதை சொல்லியிருக்கிறேன். அந்த வகைக் கொம்பியூட்டரின் காலம் முடிந்துவிட்டது, எல்லோரும் புது வகைக்கு மாறிவிட்டார்கள், கம்பனியை மூட வேண்டியதாயிற்று என்று. காலம் முடிந்தது உண்மைதான், அதனால் ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் எங்கள் கம்பனி அதற்கு முன்னமே முடிந்துவிட்டது. அமெரிக்காக்காரன் கோடைக்கு ஒரு விளையாட்டுக் கேட்டான். நீ பல்கலைக்கழகம் போகிற நேரம். வந்து கேட்டேன். “எனக்கு நேரமில்லை அப்பா. நீங்கள் செய்யுங்கோ. உங்கட பேர்தானே” என்றாய். குத்திச் சொல்லவில்லை, வெகு சாதாரணமாகச் சொன்னாய். நான் வீம்புக்கு உன் பழைய புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். ரூஜ் ஆற்றில் வள்ளம் ஓடுகிற விளையாட்டு. ஆறு அழகாக இருந்தது, அதை நான் கீறினேன். வள்ளத்தை ஆற்றுக்குள் வைத்திருக்கத்தான் என்னால் முடியவில்லை. சலீம் வந்து திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். “அண்ணை, வள்ளம் மரத்தில ஏறுது” என்றார். “தெரியும்” என்று கத்தினேன். “பிள்ளையிட்டை ஒரு சொல்லு மன்னிப்புக் கேளுங்கோவன். வள்ளம் தானா இறங்கும்” என்றார். அன்றைக்கு அவரையும் ஏசி அனுப்பினேன். ‘பேஸ்மென்ட் த்ரீ’ அந்த மரத்தில்தான் முடிந்தது.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். வன்கூவர்க் கம்பனிக்காரர் இங்கே டவுன்ரவுன் ஹோட்டல் ஒன்றில் முதல் நேர்முகம் வைத்தார்கள். நீ வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். இதுவரை என்ன செய்திருக்கிறாய் என்று கேட்டார்களாம். ‘ட்ரைவ்வே’ என்றாயாம். கேட்டவன் துள்ளிவிட்டானாம். அவன் சின்ன வயதில் அதை விளையாடியே வளர்ந்தவனாம், அந்தச் சாரம் கட்டின மனிதன் கையைத் தூக்குவது இன்னும் ஞாபகமாம். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, முதல் திரையில் இருந்த பெயரைச் சொன்னானாம், என் பெயரை. அது என் அப்பா என்றாயாம். “ஓ, அப்பாவுக்கு உதவி செய்தாயா, நல்ல விஷயம்” என்றானாம். அதைச் சொல்லிவிட்டு நீ மோர் ஊற்றிச் சாப்பிட்டாய். நான் நாளைக்கே அவனுக்கு எழுதுகிறேன் என்று எழும்பினேன். “அப்பா, இருங்கோ. நீங்கள் லெட்டர் குடுத்தா, அப்பா பிள்ளைக்கு சப்போட் பண்ணுறார் எண்டுதானே நினைப்பாங்கள்? இன்னும் கேவலமாப் போகும். இட்ஸ் ஓகே” என்றாய். நீ சொன்னது சரி. அதுதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது. நான் பொய் சொன்னபோது ஒருவரும் என்னிடம் சாட்சி கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல வரும்போது தகப்பன் சொல் எடுபடாது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. விளையாட்டு எழுதுகிறவர்கள் தங்கள் பெயரை எங்காவது ஒளித்து வைப்பார்கள் என்று ஒரு சஞ்சிகையில் வாசித்திருந்தேன். சில பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் பெயர் வருமாம். என் மகள் கெட்டிக்காரி, அவள் ஒளிக்காமல் இருந்திருப்பாளா என்று துள்ளிக்கொண்டு சலீமின் கடைக்கு ஓடினேன். அந்த மனிதன் என்னோடு பழைய கோபம் எதுவும் காட்டவில்லை. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து, நாங்கள் வீடு மாறும்போது அவரிடம் கொடுத்த அந்தப் பழைய கொம்பியூட்டரையும் முதல் டிஸ்க்கையும் எடுத்துத் தூசி தட்டினார். மூன்று நாள், வேலை விட்டு வந்து வந்து, எல்லாப் பொத்தானையும் அழுத்தினோம். எல்லா வாசலிலும் பனி தள்ளினோம், எல்லாக் கதவிலும் முட்டினோம். “அண்ணை, கீபோர்ட் உடையப் போகுது” என்று சலீம் என் கையைப் பிடித்தார். ஒரு இடத்திலும் உன் பெயர் இல்லை. கடைசியில் உன் வேலையிடத்துக்கே போன் எடுத்து, எங்கே ஒளித்தாய் என்று கேட்டேன். நீ, “நீங்கள் எடு எண்டு சொன்னீங்கள், எடுத்திட்டன். ஒளிச்சு வைக்க அதென்ன களவெடுத்த பேரே, அப்பா?” என்றாய்.

போனை வைத்துவிட்டு நான் சலீமின் கடையில், ரீவிகளுக்கு நடுவில் இருந்து அழுதேன். ஐம்பத்தாறு வயது. வீசீஆர் திருத்த வந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்துப் பயந்து வெளியே நின்றாள். சலீம் தேத்தண்ணி வைத்துத் தந்தார். பிறகு டிஸ்க்கில் எழுதியிருப்பதை அப்படியே எழுத்தாகக் காட்டுகிற ஏதோ ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். முழுக்கக் கிறுக்கல். திடீரென்று கிறுக்கலுக்கு நடுவில் என் பெயர் வந்தது. “அண்ணை, இஞ்சை பாருங்கோ” என்றார். என் பெயருக்கு முன்னால் வெற்றிடம் இருந்தது. எண்ணினார். பத்து. உன் பெயர் ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, பிறகு ஒரு இடைவெளி. நீ எழுத்துகளை அழித்தாய், இடத்தை மூடவில்லை. நான் வருஷக்கணக்காகக் கோணல் கோணல் என்று முணுமுணுத்தது அந்த இடத்தைப் பார்த்துத்தான்.

வேண்டுமென்று விட்டாயா, மறுநாள் டிஸ்க் போக வேண்டும் என்ற அவசரத்தில் விட்டாயா, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். கேட்டால் நீ இட்ஸ் ஓகே என்பாய். ஆனால் சலீம் ஒன்றை விளக்கினார். டிஸ்க்கில் நடுவில் புதிதாக எதையும் செருக முடியாதாம், ஒன்றின் மேல் ஒன்றைத்தான் எழுதலாமாம். நீ அன்றைக்கு என் சொல்லைக் கேட்டுப் பெயரை நடுவுக்குக் கொண்டு வந்திருந்தால் இன்றைக்கு ஒன்றும் செய்ய வழி இருந்திருக்காது. நீ என் சொல்லைக் கேட்காத ஒரே இடம் அதுதான், அதுதான் உதவியது. சலீம் கதிரையைவிட்டு எழும்பி என்னை இருக்கச் சொன்னார். முதலில் முதல் டிஸ்க்கைப் பிரதி எடுத்துப் பத்திரமாக வைத்தோம். பிறகு நான் ஒரு விரலால் ஒன்பது எழுத்தையும் அடித்தேன். ஒன்றைப் பிழையாக அடித்து, திரும்ப அடித்தேன். நான் வாழ்க்கையில் எழுதிய ஒரே புரோகிராம் அது. விளையாட்டைத் திரும்பப் போட்டோம். முதல் திரை வந்தது. வரி நடுவில், நேராக நின்றது.

இரண்டு டிஸ்க்கையும் உன் பயணப்பையின் பக்கப் பையில் வைத்திருக்கிறேன். பத்து இடம் காலியாக இருக்கிறதும், நிரம்பியிருக்கிறதும். சலீம் அந்தக் கொம்பியூட்டரைத் துவாயில் சுற்றி ஒரு பெட்டியில் போட்டுத் தந்திருக்கிறார், அதையும் கொண்டு போ, பாரம் என்று முறைக்காதே. அவர்கள் கேட்டால் இரண்டையும் போட்டுக் காட்டு. பனிக்கு ஏன் எட்டு உயரம் என்று நீயே சொல்லு, போனைப் பொத்திக்கொண்டு நிற்கிறவனுக்குச் சொல்லிக் கொடுக்காமல் உன் வாயாலே சொல்லு. நான் கொடுக்கிற எந்தக் கடிதத்தையும்விட அவர்களுக்கு அது விளங்கும். அது உன் அப்பாவா என்று கேட்டால், படம் கீறினவர் என்று சொல்லு, அவ்வளவு போதும். இந்தக் கடிதத்தின் கீழே என் பெயரைப் போடக் கூடாது என்று பத்திரிகைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். போட்ட இடமெல்லாம் போதும்.

ஒன்றை மட்டும் நான் தொடவில்லை. முதல் திரையில் உன் பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்கும் இடம் காலியாகக் கிடக்கிறது. ‘படங்கள்: அப்பா’ இருந்த இடம். சலீம் அதையும் அடியுங்கோ என்றார். வேண்டாம் என்றேன். அது நான் அடிக்கக் கூடிய வரி இல்லை, பிள்ளை. முதலில் அதை நீதான் எழுதினாய். இனி எழுதுவதாக இருந்தாலும் நீதான் எழுத வேண்டும்.